ஐந்து விரல் தடம்

ஆம்பூர்,
9.11.2003

அன்பு மகன் ஷாஜினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் தங்கச்சி கெசியாவும் மாப்பிள்ளை ஜோவினும் நல்ல சுகம். கடல் தாண்டி எத்தியோப்பியாவில் கிடக்கிற உன் சுகத்தையும் அவர் கையில் ஒப்புக்கொடுத்துத்தான் அம்மா தினமும் சாயங்கால ஜெபத்தை முடிக்கிறாள், ஆமென் சொன்ன பிறகும் உன் பெயரை இன்னொரு தரம் சொல்கிறாள். மாப்பிள்ளையும் சுகம் என்று எழுதியதைப் பார்த்ததும் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும், எனக்குத் தெரியும், நீ என் பிள்ளைதானே. கடிதத்தைக் கசக்காதே. இதற்காகத்தான் ஃபோனில் சொல்லாமல் எழுதுகிறேன். ஃபோன் என்றால் நீ பாதியில் கத்துவாய், நான் அதற்கு மேல் கத்துவேன், பூத்துக்காரன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, கடைசி வரி வரைக்கும் நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பாலாற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்டிருந்தாய். மழை நாலு நாள் பெய்தது, ஆற்றில் மணல் நனைந்தது, அதோடு சரி. கலீமுல்லா பாய் உனக்கு சலாம் சொல்லச் சொன்னார். டேனரியில் என்னோடு ஒரே மேஜையில் நின்று தோலுக்குத் தரம் போட்டவர் இப்போது அங்கேயே மேனேஜர், ஆனாலும் வெற்றிலை போட நம் வீட்டுக்குத்தான் வருகிறார். உங்கள் மோஜோ ஊரில் குளிர் ஜாஸ்தி என்கிறாய், காலையில் சூடாக எதையாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போ. அந்தப் புளித்த தோசை பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய், நல்லது, அம்மா சுட்ட தோசை கொஞ்சம் புளித்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன் நீ, ஆண்டவர் கணக்குத் தீர்க்கிறார். குரோம் போட்ட தோலைக் கையுறை இல்லாமல் தொடாதே. டியூப்லைட் வெளிச்சத்தில் தரம் பிரிக்காதே, வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு மேஜையை நகர்த்தச் சொல், முதலாளி முனகினாலும் பரவாயில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் கெசியாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ரத்தத்தில் ஏதோ குறைவு, தேறிவிட்டாள் என்று ஃபோனில் சொன்னேன். அது பாதிதான். போன தடவை பேசும்போது நீ, அந்த ஆள் இன்னும் நம் வீட்டுப் படி ஏறுகிறானா என்று கேட்டாய் பார், அன்றைக்கே முழுசையும் சொல்லியிருக்க வேண்டும். நீ கிறிஸ்துமஸுக்கு வரும்போது தானும் இங்கே இருந்தால் சண்டைதான் வரும் என்று ஜோவின் பண்டிகைக்கு ஆம்பூருக்கே வராமல் பள்ளிகொண்டாவில் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிடுவதாகக் கெசியாவிடம் சொல்லியிருக்கிறான். அவள் நீயும் வேண்டும், அவனும் வேண்டும் என்று நிற்கிறாள். இரண்டில் ஒன்றை விடச் சொல்லும்படியாக அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. அதைத்தான் முதலிலிருந்து சொல்லப் போகிறேன்.

ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குக் குழம்பு ஊற்றக் கெசியா குனிந்தபோது ரவிக்கைக் கை மேலே ஏறியது. மேல்கையில் வெளிப்பக்கம் நான்கு தடம், உள்பக்கம் ஒன்று, நடுவில் நீலம், ஓரத்தில் பச்சை. நான் யார் என்று உனக்குத் தெரியும். முப்பது வருஷம் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே சோறு தின்றவன். எது முள்கம்பி கீறியது, எது சாட்டை பட்டது, எது நுகத்தடி உரசியது, எது உண்ணி கடித்தது என்று வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தால் போதும், மாடு எந்த ஊர், வைத்திருந்தவன் எப்படிப்பட்டவன் என்பது வரைக்கும் சொல்வேன். இது ஆண்பிள்ளையின் கைத்தடம் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னம்மா இது என்று கேட்டேன். எங்கயோ இடிச்சிக்கிட்டேம்பா என்றாள். அடிபட்ட பெண்கள் எல்லோரும் சொல்கிற பதில் அது. கணுக்காலில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பாக இருந்தது, அம்மா கொசுக்கடி என்றாள், நான் பள்ளிகொண்டா கொசு மாட்டு உண்ணி மாதிரி கடிக்கிறதே என்று கேலி செய்தேன். பல் தேய்த்தால் ரத்தம் வருவதை பிரஷ் முரடு என்று விட்டிருக்கிறாள். மாதாமாதம் வருகிற தொந்தரவு அளவு மீறிப் போனதை வெட்கப்பட்டு அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இவ்வளவும் கண்ணுக்கு முன்னால் இருந்தது, நான் ஒரே ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே உனக்கு ஃபோன் போட்டு, என் கண்ணால் பார்த்தேன், அவன் கை வைத்திருக்கிறான் என்று சொன்னேன். நீ அதை நம்பி, இன்னொரு தடவை அவள்மேல் கை பட்டால் வந்து அந்தக் கையை ஒடிப்பேன் என்று அவனுடைய மின்வாரிய ஆபீஸ் விலாசத்துக்கே எழுதினாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, அப்பன் சொன்னால் பிள்ளை நம்பாமல் என்ன செய்வான். பிறகு நான் போதகர் ஐயாவையும் கலீமுல்லா பாயையும் உட்கார வைத்து ஜோவினைக் கூப்பிட்டனுப்பினேன். அம்மா மட்டும், கண்ணால பாக்கறதும் பொய்யாவும், கொஞ்சம் பொறுங்க, பொண்ணுகிட்ட தனியா நான் பேசிக்கிறேன் என்றாள். என் கண்ணுக்கே பாடம் சொல்ல வந்துட்டியா என்று அவளை அடக்கிவிட்டேன். ஜோவின் வந்தான், தலை குனிந்து நின்றான், நான் கேட்டேன். அவன் சொன்னது இவ்வளவுதான்: "புடிச்சது நான்தான் மாமா. அது என் கைத்தடம்தான். தப்புப் பண்ணிட்டேன்." லாரி என்று ஏதோ ஆரம்பித்தான், லாரிமேல் பழி போடாதே என்று வாயை மூடினேன். கெசியா உள்ளேயிருந்து ஓடிவந்து, அவர் அடிக்கலப்பா, அவர் அடிக்கவே மாட்டாரு என்று அழுதாள். அதையும் யார் நம்பினார்கள். அவளை நம் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டு அவனை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பினோம். ஆளை நல்லபடியாக அடக்கிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை வேறு.

ஜூன் வந்தது, பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். பாடம் நடத்தப் போக வேண்டும், என் வீட்டுக்குப் போறேம்பா என்று கெசியா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் வாசலில் மறித்தேன். அவள் ஒதுங்கிப் போகப் பார்த்தாள், மேல்கையைப் பிடித்தேன். இழுக்கவில்லை, திருகவில்லை, வெறும் பிடிதான். நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ரயில்வே கேட்டைத் தாண்டும்போது பிடிப்பேனே, அந்தப் பிடி. அவளும் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் எனக்குக் காபி கொண்டுவந்து நீட்டினாள். ரவிக்கைக் கைக்குக் கீழே வெளிப்பக்கம் நான்கு தடம், உள்பக்கம் ஒன்று. அந்த ஒன்று மற்றதைவிடக் கட்டை. ஷாஜின், சதை எடுக்கிற மெஷினில் என் வலது கட்டைவிரல் நுனி போனது உனக்குத் தெரியும். டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் கையை அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. மகளே, நேற்று உனக்கு வலித்ததா என்றேன். இல்லப்பா, சும்மாதானே புடிச்சீங்க என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சும்மா பிடித்தால் இப்படி ஆகிற உடம்பு என்ன உடம்பு? நான் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. தலையை நிமிர்த்தினோம், ஐஸ் வைத்தோம், நிற்கவில்லை. கலீமுல்லா பாய் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார், வேலூர் போய்ச் சேருகிறவரைக்கும் துண்டு மேல் துண்டாக நனைந்தது. பள்ளிகொண்டாவில் வண்டியை நிறுத்தி அவரையும் ஏத்திக்குங்க என்று கெசியா சொன்னாள், நிறுத்தினோம். அவன் செருப்புக்கூடப் போடாமல் ஏறினான், முன் சீட்டில் உட்கார்ந்தான், வேலூர் வரும்வரைக்கும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் தட்டணு என்று ஒன்று உண்டு, பிளேட்லெட் என்று நீ படித்திருப்பாய், எங்கே ரத்தக்குழாயில் கீறல் விழுந்தாலும் ஓடிப்போய் அடைக்கிறது அது. நமக்கெல்லாம் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது அவளுக்கு ஒன்பதாயிரம்தான் இருந்தது. இந்தச் சேதி ஆம்பூருக்குப் போனதும் ஊரே ரத்தம் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டது. மறுநாள் டேனரி வேன் வந்து நிற்கிறது, உள்ளே சபை வாலிபர்கள் பாதி, டேனரி ஆட்கள் பாதி, எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். பக்கத்து வீட்டு ஹலீமா பீ பாட்டில் நிறையப் பீட்ரூட் சாறு, ஒரு கூடை மாதுளம்பழம், ஒரு தூக்கு ஈரல் வறுவல் கொடுத்தனுப்பியிருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து பார்த்து அசந்துபோனார். அமிர்தவள்ளி என்று பெயர், சின்ன வயசு, ஆனால் பேச்சில் நிதானம். ரத்தம் இப்போது வேண்டாம், தட்டணு ஏற்றினாலும் நிற்காது, ஏற்ற ஏற்ற அதையும் உடம்பே உடைத்துவிடும், உயிருக்கு ஆபத்து என்றால்தான் ஏற்றுவோம் என்றார். இன்னாம்மா இப்டி சொல்றீங்க, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துக்கிறோம் என்று நம் ஆட்கள் பேஜாராகிவிட்டார்கள். வந்தவர்கள் சும்மா திரும்ப மாட்டோம் என்று ரத்த வங்கிக்குப் போய் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஈரல் வறுவலை நான் சாப்பிட்டேன்.

பிறகு டாக்டர் எங்கள் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிறுத்தி விளக்கினார். எலும்புக்குள் ஊசி விட்டுப் பார்த்துவிட்டோம், தட்டணு உற்பத்தியில் குறை இல்லை, வெளியே வந்த பிறகுதான் அழிகிறது என்றார். நம் ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு கூட்டம் கிருமியைக் கண்டால் அடி என்று ஏவுகிறது, இன்னொரு கூட்டம் போதும் நிறுத்து, இது நம் ஆள் என்று அடக்குகிறது. இரண்டும் சமமாக இருக்கிறவரைக்கும் உடம்பு சுகம். கெசியாவுக்கு ஏவுகிறது ஜாஸ்தியாகி அடக்குகிறது கம்மியாகிவிட்டது, அதனால் சொந்தத் தட்டணுவையே எதிரி என்று அடையாளம் குத்தி அனுப்புகிறது, மண்ணீரல் அதை வாங்கி உடைத்துப்போடுகிறது. ஏன் இப்படிச் சமநிலை தவறியது என்று கேட்டேன். அது யாருக்கும் முழுதாகத் தெரியாது, அடக்குகிற கூட்டத்தைப் பற்றி இப்போதுதான் உலகமே தேடிக்கொண்டிருக்கிறது என்று மறைக்காமல் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை பிடித்தது, தெரியாததைத் தெரியாது என்கிறவரை நம்பலாம். நான் விடவில்லை. அப்படியானால் தரம் போடுகிற மேஜையில் நிற்கிறவன் முதல் தரத் தோலையெல்லாம் கழிவு என்று முத்திரை குத்தித் தள்ளுகிறான், அவனைத் தட்டிக்கேட்க வேண்டிய மேஸ்திரி லீவில் போய்விட்டான், அப்படித்தானேம்மா என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். "லீவு இல்ல ஐயா, மேஸ்திரி ஆள் பத்தல" என்றார். அம்மா அந்த இடத்திலேயே, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சொன்னாள்: "நம்ம வூட்லயும் அதேதான் டாக்டர் நடந்துச்சு. ஏவி வுட்றதுக்கு அப்பனும் புள்ளயும் ரெண்டு பேரு, அடக்கறதுக்கு நான் ஒருத்தி."

டாக்டருக்கு அது புரியவில்லை. கெசியா கையைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் இருவரும் போன ஸ்கூட்டர் பள்ளிகொண்டா ஹைவே திருப்பத்தில் சறுக்கியபோது பின்னால் லாரி வந்திருக்கிறது, விழப் போனவளை ஜோவின் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்திருக்கிறான். அந்த ஐந்து விரல்தான் நான் ஈஸ்டர் அன்று பார்த்தது. லாரி என்றால் நாங்கள் பயப்படுவோம் என்று அன்றைக்கு இடித்துக்கொண்டேன் என்றாளாம், பிறகு சொல்ல வந்ததை நான்தான் காதில் வாங்கவில்லை. டாக்டர், இந்த அளவு குறைந்திருக்கும்போது கையைப் பிடித்துப் படியிறக்கினாலும் தடம் விழும், ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால்கூட விழும், யாரும் அடிக்க வேண்டியதில்லை என்றார். அந்த நிமிஷம் வரைக்கும் ஜோவின் கட்டில் கால்மாட்டில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். காலையில் நர்ஸம்மா, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், இறங்கட்டும் என்று சொன்னபோதும் அவன் நகரவில்லை, அம்மாதான் பிடித்தாள். இவனுக்கு எவ்வளவு திமிர் என்று நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொல்லி முடித்ததும் அவன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். நான் பின்னாலேயே போனேன். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "ஒரு தரம் புடிச்சு இழுத்ததுக்கே அப்டி ஆச்சேன்னு, என் கை அவ்ளோ முரடான்னு நானே என் கையப் பாத்துக்கிட்டு இருந்தேன் மாமா. அதுக்கப்புறம் அவளத் தொடவே பயம்" என்றான். அவன் அன்றைக்கு நம் வீட்டில் தப்புப் பண்ணிட்டேன் என்று சொன்னது பொய்யுமில்லை, நடிப்புமில்லை. நம்மோடு சேர்ந்து அவனும் அவனையே குற்றவாளி என்று நம்பியிருக்கிறான். நீ எழுதிய கடிதமும் அந்தச் சமயத்தில்தான் அவன் கையில் கிடைத்திருக்கிறது.

உடம்பு இப்போது எப்படி என்று கேட்பாய். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் எண்ணிக்கை மேலே வந்தது. ஆனால் அவள் முகம் பன் மாதிரி உப்பிவிட்டது, பசியென்றால் அகோரப் பசி, சர்க்கரை வேறு ஏறியது. மாத்திரையைக் குறைத்தபோது ஆகஸ்டில் மறுபடி இறங்கியது, அம்மா உபவாசம் இருந்தாள், நான் இருக்கவில்லை, ஒருவராவது தெம்பாக இருக்க வேண்டும் என்று சாப்பிட்டுவிட்டு ஜெபித்தேன். டாக்டர் நிதானமாக அளவை மாற்றிக் கொண்டுவந்தார். போன மாதம் பார்த்தபோது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. முகமும் வற்றுகிறது. திரும்ப இறங்கினால் மண்ணீரலை எடுத்துவிடுகிற வழி இருக்கிறது, அதற்கு முன்னால் சில தடுப்பூசி போட வேண்டும், எடுத்தால் முக்கால்வாசிப் பேருக்கு நன்றாக இருக்கிறது என்றார். எடுக்காமலே நின்றாலும் நிற்கலாம், வராமலே இருக்கும் என்று எழுதித் தர முடியாது என்றும் சொன்னார். கெசியா பயப்படவில்லை. நான் அவளைவிடப் பயப்படவில்லை. சபையில் ஒருவர் வந்து, சுகம் கிடைத்ததென்று சாட்சி சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்தம்மா, அதுதான் விசுவாசம் என்றார். கெசியா எழுந்து சாட்சி சொன்னாள், ஆண்டவர் எனக்கு நல்ல டாக்டரைக் கொடுத்தார், அவர் சொல்கிற நாள் வரைக்கும் மாத்திரை சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உன் தங்கச்சிக்கு வாய் இருக்கிறது. அந்த ஏவுகிற கூட்டம், அடக்குகிற கூட்டம் இரண்டையும் எண்ணிப் பார்க்கிற ஆராய்ச்சிக்காக டாக்டர் இரண்டு குழாய் ரத்தம் தர முடியுமா என்று கேட்டார். கெசியா உடனே சரி என்றாள், எங்கப்பாவோடதும் எடுத்துப் பாருங்க டாக்டர், அவருக்கும் மேஸ்திரி பத்தாது என்றாள். அம்மாவும் மகளும் சேர்ந்துவிட்டால் என் பாடு இப்படித்தான்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். டேனரியில் பெரிய முதலாளி காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு, நீயும் பார்த்திருக்கிறாய். தரத்தைத் தப்பாகப் போட்டுக் கட்டிவிட்டால், கட்டின கையே கட்டைப் பிரிக்க வேண்டும், யார் முன்னால் கட்டினோமோ அவர்கள் முன்னால் பிரிக்க வேண்டும். ஆள் அனுப்பி ரகசியமாக மாற்றி வைப்பது கிடையாது. கெசியா வீட்டுக்கு வந்த பிறகு, அதே போதகர் ஐயாவையும் அதே கலீமுல்லா பாயையும் அதே இடத்தில் உட்கார வைத்தேன். ஜோவினை நாற்காலியில் உட்கார வைத்து நான் நின்றேன். முதல் தரத்தைக் கழிவு என்று முத்திரை குத்திவிட்டேன், மாப்பிள்ளை, மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவன் பதறி எழுந்து, ஐயோ மாமா என்றான். பாய், "உக்காருப்பா, அவரு முழுசா பிரிக்கட்டும்" என்றார். பாய் என் தோஸ்த் என்பதற்காக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், தடத்தைப் பார்த்ததும் நாம் கேட்டது தப்பில்லை. கேட்காமல் கண்ணை மூடிக்கொள்கிற வீடுகளில் பெண்கள் செத்திருக்கிறார்கள். கெசியாவும், நீங்க கேக்காம இருந்திருந்தாதான் எனக்கு வருத்தம்பா, ஆனா கேட்டுட்டு நான் சொன்ன பதில காதுல வாங்கியிருக்கலாம் என்றாள். கேட்டது சரி, கேட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் கொடுக்காததுதான் தப்பு. என் கட்டை நான் பிரித்துவிட்டேன். நீ கட்டினதை நான் பிரிக்க முடியாது, அம்மாவும் முடியாது. அவனுக்கு நீ எழுது. எனக்கு எழுதி அதில் ஒரு வரி சேர்க்கிற வேலை வேண்டாம். அப்பா சொன்னார், அதனால் எழுதினேன் என்று என் தலையில் போட்டுத் தப்பிக்கவும் வேண்டாம், நான் அப்படிச் சொன்னேன் என்பது உண்மைதான், ஆனால் கையை ஒடிப்பேன் என்பது உன் சொந்தச் சரக்கு. பெரிதாக எதுவும் வேண்டாம், நான்கு வரி போதும். அதே ஆபீஸ் விலாசத்துக்கு எழுது.

போன ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருளெல்லாம் ஏலம் விட்டார்கள். ஒரு பூசணிக்காய்க்கு நானும் மாப்பிள்ளையும் தெரியாமல் எதிரெதிராக ஏலம் கேட்டு விலையை ஏற்றிக்கொண்டே போனோம், சபையே சிரித்தது, கடைசியில் அவன் விட்டுக்கொடுத்தான், பூசணி இன்னும் வீட்டில் கிடக்கிறது. பிறகு அவர்களை பஸ் ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பண்டிகைக் கூட்டம். கெசியா ஒரு கால் படியில் வைத்திருக்கும்போதே டிரைவர் வண்டியை நகர்த்திவிட்டான். அவள் தடுமாறினாள். ஜோவின் ஒரு நொடி தயங்கியதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு மேல்கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே ஏற்றினான். நன்றாக அழுத்தித்தான் பிடித்தான், பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள். பஸ் போய்விட்டது. அந்தக் கையில் தடம் விழுந்திருக்குமோ என்பதைத் தவிர எனக்கு இரண்டு நாளாக வேறு நினைப்பே இல்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை மாத்திரைக்கு வேலூர் போய்விட்டு இருவரும் இங்கே வந்தார்கள். நான் கேட்கும் முன்பே கெசியாதான் ஜன்னல் பக்கம் வந்து, ரவிக்கைக் கையை ஏற்றி, கையை எனக்கு முன்னால் நீட்டி, "பாருங்கப்பா, தரம் போடுங்க" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு தடமும் இல்லை. ஜோவின் வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் தரம் என்று சத்தமாகச் சொன்னேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

மகனே, வேலையில் கவனமாயிரு. ஞாயிறு ஆராதனைக்கு அங்கே தமிழில் இல்லாவிட்டாலும் போய் உட்கார், ஆண்டவருக்கு எல்லா பாஷையும் தெரியும். உள்பனியனுக்கு மேல் ஸ்வெட்டர் போடு, ஸ்வெட்டருக்கு மேல் பனியன் போட்டுக்கொண்டு படம் அனுப்பாதே, அம்மா பயந்துபோனாள். உன்னைப் போகையிலும் வருகையிலும் காக்கிறவர் உன் கோபத்தையும் காவல் காத்து, நல்லபடியாக எங்கள் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவாராக. நான்கு வரியை மறக்காதே. நான்கே வரி, அதே விலாசம்.

இப்படிக்கு,
உன் நலனையே நாடும் அப்பா,
ப. சத்தியநாதன்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன்னால் ஜோவினிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், அவனைப் பற்றி எழுதியது அவனுக்குத் தெரியாமல் போகக்கூடாது. அம்மாவும் பக்கத்தில் நின்றாள். அவன் மெதுவாகப் படித்து, மடித்து, மேலே உன் விலாசத்தை அவனே எழுதினான். பிறகு மச்சான் வர்ற ஃப்ளைட்டு மெட்ராஸுக்கு எத்தனை மணிக்கு வரும், கேட்டு வைங்க மாமா, ஏர்போர்ட்டுக்கு நான் போறேன் என்றான்.